மாஃப் போடுவதா மேப் போடுவதா? முதலில் காற்றை எண்ணுங்கள்

போன மாதம் திருகோணமலை உப்புவெளியில் நண்பரின் கராஜில் நின்றபோது டொயோட்டாவின் சில்வர்டொப் எஞ்சின் ஏற்றிய கொரொல்லா ஒன்று வந்தது. நாலாயிரம் ஆர்பிஎம் பக்கம் ஓர் இழுப்பு, பிறகு ஒரு தயக்கம், திரும்ப இழுப்பு. ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் காற்று மீற்றரைக் கழற்றி, உள்ளே இருக்கும் கதவை விரலால் மெல்லத் தள்ளிப் பார்த்தோம். பாதி வரை வழுக்கிக்கொண்டு போனது, அதன்பிறகு மணல் அரைபடுவது போல ஒரு சிறு தடக்கல். மேலே ஒட்டியிருந்த கறுப்பு மூடியை பிளேடால் அறுத்துத் திறந்தால், உள்ளே கரிப் பாதையில் ஒரே இடத்தில் முடி அகலத்துக்கு ஒரு கோடு, தேய்ந்து மினுங்கிக்கொண்டு. கார் வழமையாக ஓடும் வேகத்தில், கதவோடு நகரும் முள் எத்தனை வருடம் அந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்ததோ. கனெக்டரில் இரண்டு பின் பச்சை பிடித்திருந்தது, அது கடற்காற்றின் வேலை.

காரின் சொந்தக்காரத் தம்பி கேட்டார், "அண்ணா, இதைத் தூக்கிட்டுப் பெரிய மாஃப் ஒன்று போடலாமா? இல்லாட்டி மேப் போடவா?"

மாஃப் என்பது உள்ளே போகும் காற்றின் எடையை அளக்கும் சென்சர், மேப் என்பது மெனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்க்கும் சென்சர். இந்தக் கேள்வியைத் திருமலையில் மட்டும் வருடத்துக்கு நாலைந்து பேர் என்னிடம் கேட்கிறார்கள். 2020 இல் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து 2025 பெப்ரவரியில் திரும்பத் திறக்கும் வரை எல்லாரும் இருக்கிற காரையே உயிர்கொடுத்து வைத்திருந்தோம், அதனால் எஞ்சின் மாற்றுவதும் டியூன் பண்ணுவதும் நன்றாகவே கூடிவிட்டது. ஆனால் சாமான் வாங்கும் வேகத்தில் பலர் கணக்குப் பார்ப்பதில்லை. எனக்குத் தெரிந்ததை முழுதாக எழுதிவிடுகிறேன்.

எஞ்சினுக்கு எவ்வளவு பெற்றோல் கொடுப்பது என்று தெரிய, எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று தெரியவேண்டும். 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெற்றோல், முழு இழுவையில் சாதாரண எஞ்சினுக்கு 12.5 முதல் 13, டர்போவுக்கு 11.5 முதல் 12. இந்த விகிதம் எல்லாருக்கும் தெரியும். காற்றின் எடையை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்பதில்தான் சிஸ்டங்கள் பிரிகின்றன. அக்சிலரேட்டரை மிதிக்கத் திறக்கும் த்ரொட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, எஞ்சின் எவ்வளவு சுற்றுகிறது என்பதை மட்டும் வைத்து ஊகிப்பது அல்ஃபா-என். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மெனிஃபோல்டின் அழுத்தத்தையும் காற்றின் வெப்பத்தையும் பார்த்து, இந்த எஞ்சின் இந்த ஆர்பிஎம்மில் இத்தனை வீதம் நிரம்பும் என்று முன்பே எழுதிவைத்த அட்டவணையைக் கொண்டு கணக்குப் போடுவது ஸ்பீட் டென்சிட்டி, நம் ஆட்கள் 'மேப் சிஸ்டம்' என்பது இதைத்தான். போகிற காற்றை வழியிலேயே மறித்து அளப்பது மூன்றாவது வகை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

இதில் பழைய பெயர்களைத் தெரிந்துவைத்தால் பாட்ஸ் கடையில் உதவும். போஷ் 1967 இல் ஃபோல்க்ஸ்வாகன் 1600 இல் போட்டது டி-ஜெட்ரோனிக், அந்த 'டி' ஜெர்மன் மொழியில் அழுத்தம் என்ற சொல்லின் முதலெழுத்து. 1974 இல் வந்த எல்-ஜெட்ரோனிக்கில் 'எல்' என்றால் காற்று, உள்ளே கதவு வைத்த மீற்றர் வந்தது அதோடுதான். 1980களின் தொடக்கத்தில் எல்எச் வந்தது, அது சூடான கம்பி வைத்து அளப்பது. டொயோட்டாவும் அதே டி, எல் எழுத்துகளைப் பின்னால் எடுத்துக்கொண்டது. ஆகவே பழைய டொயோட்டா எஞ்சின் ஒன்றை 'எல் டைப்' என்று யாராவது சொன்னால் காற்று மீற்றர் உள்ளது என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

காற்று மீற்றரில் சந்தையில் உங்கள் கைக்கு வரக்கூடியவை மூன்று. கதவு வகை நான் மேலே சொன்னது. ஸ்பிரிங் போட்ட கதவைக் காற்று தள்ளும், தள்ளிய கோணம் வோல்டேஜாக வரும். இது காற்றின் எடையை நேரே அளப்பதில்லை, வெப்பத்தைச் சேர்த்துக் கணக்குப் பார்க்கவேண்டும், கதவே காற்றுக்கு ஒரு தடையும்கூட. புதிதாக சிஸ்டம் கட்டுபவர் இதைத் தெரிவு செய்ய ஒரு காரணமும் இல்லை. ஏற்கெனவே இருப்பதைத் தூக்குகிறவர் மட்டும் ஒன்று கவனிக்கவேண்டும். சில பழைய கார்களில் பெற்றோல் பம்ப் ஓடும் சுவிட்ச் இந்த மீற்றருக்குள்ளேயே இருக்கிறது, மீற்றரைக் கழற்றினால் பம்ப் ஓடாது, அந்த வயரிங்கை எஞ்சினை நடத்தும் கணினியான ஈசியூ பக்கம் மாற்றவேண்டும். அப்புறம் கார்மன் வகை. காற்றின் பாதையில் ஒரு சிறு தூண் வைத்து, அதன் பின்னால் உருவாகும் சுழிகளை எண்ணுவது. மிட்சுபிஷி எவோ 4 முதல் 9 வரை இதுதான், வெளியே வருவது வோல்டேஜ் அல்ல, துடிப்பு. எவோ எஞ்சின் எடுத்தால் இதை அந்த ஈசியூவோடு அப்படியே வைத்திருக்கலாம், வேறு ஈசியூவுக்குப் போவதென்றால் துடிப்பு சிக்னலை அது ஏற்குமா என்று முதலே கேளுங்கள்.

மூன்றாவது சூட்டுக் கம்பி அல்லது சூட்டுப் படலம். இன்று மாஃப் என்று சொன்னால் இதுதான். மெல்லிய பிளாட்டினம் கம்பியை உள்ளே வரும் காற்றைவிடக் குறிப்பிட்ட அளவு கூடிய சூட்டில் பிடித்துவைக்கிறார்கள். காற்று ஓடினால் கம்பி ஆறும், ஆறாமல் வைக்க மின்சாரம் கூட்டவேண்டும், எவ்வளவு கூட்டினோம் என்பதுதான் காற்றின் எடை. அடர்ந்த காற்று கூட ஆற்றும், மெலிந்த காற்று குறைய ஆற்றும், அதனால் வெப்பமும் உயரமும் தானாகவே கணக்குக்குள் வந்துவிடுகின்றன. டொயோட்டாவின் 1என்இசட் எஞ்சினில் ஃபில்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஐந்து வயரோடு ஒரு சின்னக் கட்டை நிற்கிறதே, அதுதான், காற்றின் வெப்பம் பார்க்கும் சென்சரும் அதற்குள்ளேயே இருக்கிறது.

சரி, யாருக்கு இது பொருந்தும்?

திருமலையில் கார் வைத்திருப்பவனுக்கு நான் சொல்லும் முதல் உதாரணம் நுவரெலியா. இங்கே கடல் மட்டத்தில் 35 பாகை வெயிலில் ஒரு லீற்றர் காற்று கிட்டத்தட்ட 1.15 கிராம். காரை மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்குக் கொண்டுபோகிறீர்கள், நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே குளிர்தான், குளிர் காற்று அடர்த்தியைக் கொஞ்சம் மீட்கும், இருந்தும் மொத்தத்தில் இங்கே இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு காற்று குறைவு. வளிமண்டல அழுத்தத்துக்குத் திருத்தம் போடாத அல்ஃபா-என் காரில் அந்த ஆறில் ஒரு பங்கும் கூடுதல் பெற்றோலாகப் போகும், கறுப்புப் புகையோடு தடுமாறும். மேப் சிஸ்டம் ஓரளவு சமாளிக்கும். மாஃப் காருக்கு அங்கே போய் ஒன்றும் தொடவேண்டியதில்லை. கோடை வெயிலில் நிலாவெளி றோட்டிலும், அடுத்த நாள் மலைநாட்டுப் பனியிலும் ஒரே கார் ஓடவேண்டும், கிழமை நாளில் அதே காரில் வேலைக்கும் போகவேண்டும் என்றால் மாஃப் எடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

அடுத்த காரணம், எஞ்சினில் அடிக்கடி கைவைப்பவர்களுக்கு. இன்றைக்கு எக்ஸோஸ்ட், ஆறு மாதம் கழித்து வால்வுகளைத் திறக்கும் கேம், பிறகு ஹெட் வேலை என்று போகிறவர் மேப் சிஸ்டத்தில் ஒவ்வொரு தடவையும் அந்த நிரம்பும் அட்டவணையைத் திரும்ப எழுதவேண்டும், ஏனென்றால் எஞ்சின் மூச்சு வாங்கும் விதம் மாறிவிட்டது, அட்டவணைக்கு அது தெரியாது. மாஃபுக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியத் தேவையில்லை, குழாயால் எவ்வளவு போகிறது என்று மட்டும் பார்க்கும். ஃபோர்ட் மஸ்டாங் 5.0 இதற்கு நல்ல பாடம். 1986 இல் ஸ்பீட் டென்சிட்டியோடு வந்தது, கேம் மாற்றியவர்களுக்கு அது சரிவரவில்லை, 1989 முதல் எல்லா 5.0 காரும் மாஃபோடு வந்தன, அதன்பின் அந்தக் காரில் எஞ்சின் வேலை செய்வது எவ்வளவோ இலகுவானது.

பொருந்தாத இடங்களையும் நேரே சொல்லவேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி த்ரொட்டில் வைத்து, ட்ரம்பெட் எனும் வாய் அகன்ற குழாய்களைத் திறந்துவிடுகிறவர் மாஃபைப் பூட்ட இடமே இல்லாமல் நிற்பார். உப்புவெளித் தம்பி செய்யப் பார்த்ததும் அதுதான். சில்வர்டொப்பில் நாலு த்ரொட்டில் இருந்தாலும் மேலே ஒரு பொதுப் பெட்டி இருக்கிறது, காற்று ஒரே வாயால் வருகிறது, அதனால் மீற்றர் வேலை செய்கிறது. பெட்டியைத் தூக்கினால் மீற்றருக்கு வேலை இல்லை. அதே எஞ்சினின் பிறகு வந்த வகையான பிளாக்டொப்பில் டொயோட்டாவே மேப்புக்குப் போய்விட்டது. பெரிய கேம் போட்டவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. குறைந்த சுற்றில் காற்று எஞ்சினிலிருந்து திரும்பி வாயை நோக்கி அடிக்கும், சாதாரண சூட்டுக் கம்பிக்குக் காற்று வருகிறதா போகிறதா என்று தெரியாது, ஒரே காற்றை இரண்டு தடவை எண்ணிவிடும். மீற்றரை த்ரொட்டிலிலிருந்து தள்ளிவைத்தால் குறையும், முழுதாகப் போகாது. அனுராதபுரம் சாலியபுரவில் கஜபா சுப்பர்குரோஸ் என்ற மண் தடப் போட்டி ஓடுவதற்கென்று மட்டும் கார் கட்டுகிறவரும் மேப்பே போடட்டும், அந்தப் புழுதியில் மாஃபை வைத்துக் காப்பாற்றுவது தனி வேலை.

இனி அளவு. இங்கேதான் காசு வீணாகிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை தன் கொள்ளளவை உறிஞ்சும். 1.6 லீற்றர் எஞ்சின் 6,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 4,800 லீற்றர், செக்கனுக்கு 80 லீற்றர். நம் வெயில் காற்றில் 80 ஐ 1.15 ஆல் பெருக்கினால் 92 கிராம். ஆனால் எஞ்சின் முழுதாக நிரம்பாது, 85 வீதம் வைத்தால் 78 கிராம். ஒரு செக்கனுக்கு ஒரு கிராம் காற்று ஏறக்குறைய 1.3 குதிரைவலு தரும் என்று வைத்துக்கொள்ளலாம், அப்போது 100 குதிரைவலுவுக்குச் சற்றே மேல். இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், ஸ்கேனர் உங்கள் எஞ்சினில் முழு த்ரொட்டிலில் 55 கிராம்தான் காட்டுகிறது என்றால், மாஃப் அழுக்கு அல்லது எஞ்சின் மூச்சுத் திணறுகிறது, வேறு சாமான் வாங்குவதை நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள்.

இப்போது 2 லீற்றர் டர்போ, 1 பார் பூஸ்ட் (டர்போ கூட்டும் அழுத்தம்), 6,500 ஆர்பிஎம். செக்கனுக்கு 108 லீற்றர். மெனிஃபோல்டில் 2 பார் மொத்த அழுத்தம், காற்றை ஆற்றும் இன்டர்கூலர் தாண்டி 50 பாகை என்றால் லீற்றருக்கு 2.15 கிராம், 90 வீதம் நிரம்பினால் செக்கனுக்கு 210 கிராம், ஏறக்குறைய 270 குதிரைவலு. உங்கள் மாஃபின் உச்சம் 200 கிராம் என்றால் அது 5 வோல்டில் போய் முட்டி நின்றுவிடும். எஞ்சினுக்குள் காற்று கூடிக்கொண்டே போகும், ஈசியூவுக்கு அது தெரியாது, பெற்றோல் அதே அளவில் நிற்கும். உச்ச பூஸ்டில் பெற்றோல் மெலிந்தால் பிஸ்டன் உருகும், அது நடக்க நேரம் எடுக்காது. ஆகவே நீங்கள் கணக்குப் போட்ட உச்சத்துக்கு மேல் இருபது, இருபத்தைந்து வீதம் இடம் விட்டு மாஃபைத் தெரிவு செய்யுங்கள். இந்த உதாரணத்துக்கு 260 கிராம் அளக்கக்கூடியது போதும்.

அதற்காக ஆகப் பெரியதை வாங்குவதும் பிழை. ஐடிலில், அதாவது கார் நின்றபடி எஞ்சின் ஓடும்போது, இந்த எஞ்சின் செக்கனுக்கு மூன்று கிராம் அளவில்தான் உறிஞ்சும். மிக அகலமான குழாய்க்குள் அந்த மூன்று கிராம் மெதுவாக ஊர்ந்து போகும், கம்பியின் வோல்டேஜ் மாற்றமே தெரியாது, ஐடில் ஏறி இறங்கும், ட்ரஃபிக்கில் கார் விக்கும். ஒரே சென்சரை அகலமான குழாயில் பூட்டினால் உச்சம் கூடும், கீழ்ப்பக்க நுணுக்கம் குறையும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது, உங்கள் உச்சத்துக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள்.

பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் அளவும் அதே கணக்கிலிருந்து வரும். 210 கிராம் காற்றை 11.5 ஆல் வகுத்தால் 18.3 கிராம் பெற்றோல், பெற்றோலின் அடர்த்தி 0.74 அளவு, ஆக செக்கனுக்கு 24.7 சிசி, நிமிடத்துக்கு 1,480 சிசி. நாலு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் 370. இன்ஜெக்டரை 80 வீதத்துக்கு மேல் திறந்துவைத்திருக்கக் கூடாது, அப்போது 463. சந்தையில் 480, 500 சிசி அளவில் கிடைப்பதை எடுக்கலாம். அந்த சிசி எந்த அழுத்தத்தில் அளந்தது என்றும் கேளுங்கள், வழமை 3 பார்.

இனி நான் மனதில் வைத்திருக்கும் ஒரு விஷயம்.

பல வருடத்துக்கு முன் ஒரு 2 லீற்றர் டர்போவில் 370 சிசி இன்ஜெக்டரைக் கழற்றி 550 போட்டேன். ஈசியூ பழையது, திறந்து எழுத முடியாதது. கடையில் ஒருவர் 'இந்த இன்ஜெக்டருக்கென்றே அளந்த' அகலமான மாஃப் குழாய் ஒன்றைத் தந்தார். யோசனை இலகுவானது, குழாய் அகலமானதால் மாஃப் உண்மைக் காற்றில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் காட்டும், ஈசியூ மூன்றில் இரண்டு பங்கு நேரம்தான் இன்ஜெக்டரைத் திறக்கும், பெரிய இன்ஜெக்டர் அதை ஈடுகட்டும். வைட்பேண்டில், அதாவது எக்ஸோஸ்டில் பூட்டிக் காற்று-பெற்றோல் விகிதம் காட்டும் சென்சரில், விகிதம் வடிவாகவே இருந்தது. ஆனால் ஈசியூ அந்தக் காற்றின் அளவைப் பார்த்துத்தான் இக்னிஷன் டைமிங்கையும் தெரிவு செய்கிறது. எஞ்சின் முழுப் பாரத்தில் இழுக்கும்போது ஈசியூவுக்குப் பாரம் குறைவென்று தெரிகிறது, குறைந்த பாரத்துக்கு உரிய முந்திய டைமிங்கைக் கொடுக்கிறது. கந்தளாய்ப் பக்கம் ஒரு ஏற்றத்தில் மூன்றாம் கியரில் சிறு கூழாங்கல் டப்பாவில் குலுங்குவது போல ஒரு சத்தம், இரண்டு செக்கன் இருக்கும். எஞ்சினைத் திறந்தபோது மூன்றாம் பிஸ்டனில் ரிங் நிற்கும் வரம்பு உடைந்திருந்தது. பெற்றோல் விகிதம் சரியாக இருந்த எஞ்சின் அது.

அன்றிலிருந்து சொல்கிறேன், ஈசியூவிடம் பொய் சொல்லும் எந்தச் சாமானையும் வாங்காதீர்கள். அளந்த குழாயும் அதே பொய்தான், மாஃப் சிக்னலை இடையில் மறித்து மாற்றும் பிக்கிபேக் பெட்டியும் அதே பொய்தான். சின்னத் திருத்தத்துக்குப் பிக்கிபேக் பரவாயில்லை, இன்ஜெக்டர் மாற்றும் அளவுக்கு அது போதாது. இன்ஜெக்டர் மாறினால் ஈசியூவுக்குள்ளேயே இன்ஜெக்டர் அளவை மாற்றுங்கள், மாஃப் குழாய் மாறினால் மாஃப் அட்டவணையை மாற்றுங்கள். ஃபெக்டரி ஈசியூவைத் திறந்து எழுத முடிகிற கார் என்றால் அதுதான் மலிவும் நல்லதும், சுபரு போன்றவற்றுக்கு இந்த வழி நன்றாகத் திறந்திருக்கிறது. முடியாதென்றால் ஹால்டெக், லிங்க், மெகாஸ்குவேர்ட் போன்ற தனி ஈசியூ. வாங்கும் முன் அது மாஃபைப் பாரம் அளக்கும் சென்சராக எடுக்குமா, வோல்டேஜ் வகையா துடிப்பு வகையா, எத்தனை புள்ளி அட்டவணை என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேப் சென்சரும் சேர்த்துப் பூட்டிவிடுங்கள், பூஸ்ட் எல்லை மீறினால் எஞ்சினைக் காப்பாற்ற அது தேவை.

பூட்டும் இடம். மாஃபுக்கு முன்னால் நேரான குழாய் வேண்டும், முழங்கை வளைவை ஒட்டி வைத்தால் காற்று ஒரு பக்கம் ஒதுங்கி ஓடும், கம்பி இருக்கும் இடத்தில் உண்மை அளவு இருக்காது. குழாய் விட்டத்தில் நாலைந்து மடங்கு நேராக விட இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் தேன்கூடு போன்ற வலை போடுங்கள், ஃபெக்டரி மாஃபில் அந்த வலை இருந்தால் தயவுசெய்து வெட்டி எறியாதீர்கள். டர்போ காரில் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் வைப்பது வழமை. அப்படி வைத்தால், த்ரொட்டில் மூடும்போது மிஞ்சும் பூஸ்டை விடும் புளோ-ஓஃப் வால்வு வெளியே ஊதக் கூடாது, டர்போ வாய்க்கே திருப்பவேண்டும், ஏனென்றால் அந்தக் காற்று ஏற்கெனவே எண்ணப்பட்டது, அதற்குப் பெற்றோலும் போய்விடும்.

நம் ஊரில் இன்னொன்று. காற்றைக் குளிர்ந்த இடத்திலிருந்து எடுக்கவேண்டும் என்று ஃபில்டரைப் பம்பருக்குள் கீழே இறக்குகிறார்கள். கச்சான் காற்று வீசும் வெயில் காலத்தில் நல்லதுதான், பொனெட்டுக்குள் இருக்கும் அனலை அது குடிக்காது. ஆனால் கார்த்திகை, மார்கழி மழையில் றோட்டில் தேங்கும் தண்ணீர் அந்த உயரத்துக்கு வரும். ஒரு துளி சூட்டுப் படலத்தில் பட்டாலே அளவு துள்ளும், வாய் நிறையத் தண்ணீர் போனால் எஞ்சினே போய்விடும். ஹெட்லைட்டுக்குப் பின்னால், பொனெட் அனலிலிருந்து தகடு போட்டு மறைத்து வைப்பதுதான் நான் செய்வது. எண்ணெய் பூசும் ஃபில்டர் போடுகிறவர் எண்ணெயை மிகக் கொஞ்சமாகப் பூசி ஒரு இரவு தொங்கவிடுங்கள், கூடினால் அது கம்பியில் போய் ஒட்டும், ஒட்டிய எண்ணெயில் புழுதி ஒட்டும். கடதாசி ஃபில்டரில் இந்தத் தலையிடி இல்லை. அழுக்கான மாஃப் ஐடிலில் கூடக் காட்டி உச்சத்தில் குறையக் காட்டுவது வழமை, ஆபத்து அந்த உச்சத்தில். மாஃபுக்கென்று விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவுங்கள், காபுரேட்டர் ஸ்பிரே வேண்டாம், பஞ்சு, தூரிகை, விரல் எதுவும் படக் கூடாது, நன்றாகக் காய்ந்த பிறகு பூட்டுங்கள்.

கனெக்டர் பச்சை பிடிப்பதைச் சொன்னேன். டையலெக்ட்ரிக் கிறீஸ் சின்னக் குழாய் ஒன்று வாங்கி எல்லா சென்சர் கனெக்டரிலும் தடவிவிடுங்கள், கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இது கட்டாயம். மாஃபின் சிக்னல் ஏர்த் வயரைக் காரின் உலோக உடம்பில் முறுக்காமல் ஈசியூவின் சென்சர் ஏர்த்துக்கே கொண்டுபோங்கள். 0.1 வோல்ட் பிழை ஐடிலில் பெரிய பிழை.

மாஃப் சிஸ்டத்தின் பெரிய எதிரி எண்ணப்படாத காற்று. மாஃபுக்கும் த்ரொட்டிலுக்கும் நடுவில், அல்லது மெனிஃபோல்டில், எங்காவது ஒரு வெடிப்பால் காற்று போனால் அது கணக்கில் இல்லை, எஞ்சின் மெலிந்து ஓடும். மேப் காரில் அதே வெடிப்பு ஐடிலைக் கூட்டும், விகிதம் பெரிதாகக் குலையாது. ஆகவே மாஃப் போடுகிறவர் குழாய்களைக் காற்றுப் புகாமல் வைத்திருக்கவேண்டும், ஸ்கேனரில் பெற்றோல் திருத்தம் ஐடிலில் கூடுதலாகவும் வேகத்தில் சரியாகவும் காட்டினால் இதைத்தான் சந்தேகிக்கவேண்டும். சோதிக்க ஒரு மலிவான வழி இருக்கிறது. ஹார்ட்வெயார் கடையில் மாஃபின் வாய்க்கு அளவான பிவிசி மூடி ஒன்று வாங்குங்கள், நடுவில் துளையிட்டு டியூப்லெஸ் வால்வு ஒன்றைப் பூட்டுங்கள், அதை மாஃப் இருந்த இடத்தில் கிளிப் போட்டு இறுக்கி, சைக்கிள் பம்பால் அடியுங்கள். டர்போ இல்லாத காருக்கு 3 பிஎஸ்ஐ போதும், டர்போவுக்கும் 10 தாண்டவேண்டாம், கூடினால் எண்ணெய்க் கோல் துள்ளி வரும். பிறகு பங்சர்காரர் டியூபைப் பார்ப்பது போல, சவர்க்காரத் தண்ணீரை எல்லா இணைப்பிலும் தெளித்து நுரை எங்கே பொங்குகிறது என்று பாருங்கள். கொரொல்லாவில் அன்று நுரை பொங்கியது நாங்கள் நினைத்த இடத்தில் இல்லை, பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு பிளவில். சாம்பிராணிப் புகை விட்டுப் பார்ப்பவர்களும் உண்டு, பெற்றோல் குழாய்க்குப் பக்கத்தில் நெருப்பை நான் கொண்டுபோக மாட்டேன்.

வாங்கும்போது. பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் மாஃப் தாராளமாகக் கிடைக்கும், நல்லதும் இருக்கும் போலியும் இருக்கும். சென்சர் மட்டும் வாங்காமல் அதன் குழாயோடு சேர்த்து வாங்குங்கள், சென்சரின் அட்டவணை அந்தக் குழாய் விட்டத்துக்குத்தான் எழுதப்பட்டது, குழாய் மாறினால் எண்கள் செல்லாது. கனெக்டரையும் ஓரடி வயரோடு வெட்டித் தரச் சொல்லுங்கள். பாட்ஸ் நம்பரைப் படமெடுத்து, அந்த நம்பருக்கு அட்டவணை கிடைக்கிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள். அட்டவணை இல்லாத மாஃப் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

டியூனிங்கில் ஒழுங்கு முக்கியம். முதலில் பெற்றோல் அழுத்தம், பிறகு இன்ஜெக்டர் சிசியும் அது திறக்க எடுக்கும் நேரமும், அந்த நேரம் பற்றரி வோல்டேஜோடு மாறும், அதன் எண்களையும் போட்டுவிடுங்கள். இவை சரியான பிறகுதான் மாஃப் அட்டவணையைத் தொடவேண்டும், இல்லாவிட்டால் இன்ஜெக்டரின் பிழையை மாஃபுக்குள் எழுதிவிடுவீர்கள். வைட்பேண்ட் இல்லாமல் தொடங்கவே வேண்டாம், போஷ் எல்எஸ்யூ 4.9 சென்சர் போட்டது எதுவானாலும் சரி. ஒவ்வொரு வோல்டேஜ் புள்ளியிலும் கேட்ட விகிதத்தையும் வந்த விகிதத்தையும் பதிந்து, வந்ததைக் கேட்டதால் வகுத்து அந்தப் புள்ளியைப் பெருக்குங்கள். 12.8 கேட்டு 13.4 வந்தால் 1.047 ஆல் பெருக்கவேண்டும். இரண்டு புள்ளிக்கு நடுவில் அட்டவணை குண்டும் குழியுமாக வந்தால் நம்பாதீர்கள், மாஃபின் வளைவு எப்போதும் வழவழப்பாகத்தான் ஏறும், குண்டு வந்த இடத்தில் கசிவோ குழாய் வளைவோ இருக்கிறது. ஐடிலும் மெதுவான ஓட்டமும் இங்கேயே செய்யலாம், முழு இழுவையைப் பொது றோட்டில் செய்யவேண்டாம், கொழும்புப் பக்கம், காரை நிறுத்திவைத்தே சக்கரத்தை ஓட்டி வலுவை அளக்கும் டைனோவை ஒரு அரை நாள் வாடகைக்கு எடுங்கள். 95 ஒக்டேனில் டியூன் பண்ணினால் அதன்பின் 92 அடிக்கக் கூடாது. வருடாந்தப் புகைப் பரிசோதனையையும் மனதில் வைத்து ஐடிலை 14.7 பக்கம் வையுங்கள்.

உப்புவெளித் தம்பிக்கு இவ்வளவும் சொல்லிக் கடைசியில் ட்ரம்பெட் வாங்கவேண்டாம் என்றேன். அந்தக் காரில் அவர் தினமும் சீனக்குடாவுக்கு வேலைக்குப் போகிறார். பொதுப் பெட்டியை வைத்துக்கொண்டு, பிரேக் பூஸ்டர் குழாயை மாற்றி, கதவு மீற்றருக்குப் பதில் 150 கிராம் வரை அளக்கும் சூட்டுப் படல மாஃப், அதற்கு ஒரு தனி ஈசியூ. மாஃப் குழாயோடு வந்துவிட்டது, ஈசியூ இன்னும் வரவில்லை. பூட்டி ஐந்நூறு கிலோமீற்றர் ஓடியதும் கிளிப்புகளை ஒரு தடவை திரும்ப இறுக்கி, மாஃபைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். புது ஃபில்டரிலிருந்து நூல் ஏதும் வந்து ஒட்டியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.